சாணித் தொட்டியா, கேஸ் குழியா, கூரையா? மானியம் கேட்கும் முன் போட வேண்டிய கணக்கு

மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இப்போது இந்தப் பேச்சுதான் வருகிறது. சாணியைப் பாரிட்டில், அதாவது வாய்க்காலில், விடக் கூடாது என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். சரி, விடவில்லை. அப்படியென்றால் எங்கே சேர்த்து வைப்பது? அதற்கு இடம் கட்ட யார் காசு தருவார்? ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல வருடமாகிவிட்டது. மாட்டுக் கொட்டகைகள் மட்டும் பழையபடி தோட்டத்து ஓரத்தில், செம்பனைக்கும் பாரிட்டுக்கும் நடுவிலேயே நிற்கின்றன.

அதிகாரிகள் விரட்டுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. இங்குள்ள பாரிட்டுகள் சுற்றி வளைந்து சுங்கை சிலாங்கூரில்தான் போய்ச் சேருகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி அந்த ஆற்றுத் தண்ணீர். அதைச் சுத்திகரிக்கும் பெரிய நிலையங்களும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் தொழிற்சாலைக் கழிவு கலந்ததில் அந்த நிலையங்களை நிறுத்த வேண்டியதாயிற்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குதாரர்களுக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. அதைச் செய்தது மாடு இல்லை, உண்மைதான். ஆனால் அன்றிலிருந்து ஆற்றுக்குப் போகும் ஒவ்வொரு வாய்க்காலின் மேலும் கண் விழுந்துவிட்டது. மாட்டுக் கழிவும் லேசுப்பட்டதல்ல. ஒரு கழிவு தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவை எவ்வளவு இழுக்கிறது என்பதை வைத்துத்தான் அதன் வீரியத்தை அளப்பார்கள். வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 300 மில்லிகிராம் இழுக்கும். சாணிக் கரைசல் 10,000 முதல் 20,000 வரை இழுக்கும். ஒரு வாளி போனாலும் சின்ன வாய்க்காலில் மீன் மிதக்கும்.

கணக்குக்கு 20 மாடு என்று வைத்துக்கொள்வோம். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த இனத்தில் கொஞ்சம் ஃபிரீஷியன் கலந்த, சின்ன உடம்பு மாடுகள். ஒரு மாடு நாளைக்குச் சுமார் 20 கிலோ சாணி போடும் என்றால், 20 மாட்டுக்கு 400 கிலோ. மாதத்துக்கு 12,000 கிலோ, அதாவது 12 டன்.

இனி மழைக்கு வருவோம். கொட்டகையை ஒட்டி மாடு நிற்கும் திறந்த முற்றம் 10 மீட்டருக்கு 20 மீட்டர் என்று வையுங்கள். சாயங்காலம் இடி இடித்து 60 மில்லிமீட்டர் கொட்டினால் அந்த முற்றத்தில் விழும் தண்ணீர் 12,000 லிட்டர், அதுவும் 12 டன்தான். ஒரு மாதச் சாணியின் எடையை மழை ஒரே சாயங்காலத்தில் கொண்டுவந்து போட்டுவிடுகிறது. வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டர் அளவில் பெய்கிற நாடு இது. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் இந்த ஒரு கணக்கை முதலில் பார்த்துவிட வேண்டும். மானியப் படிவத்தோடு வருகிறவர்கள் யாரும் இதைப் போட்டுக் காட்டுவதில்லை.

பெரிய தொட்டி: இங்கிலாந்துக்காரர் வழி

“வெளிநாட்டில் அரசாங்கமே பாதிக் காசு கொடுத்துத் தொட்டி கட்டித் தருகிறதாம்” என்று சொல்பவர்கள் பொதுவாக இங்கிலாந்தைத்தான் சொல்கிறார்கள். அது உண்மை. 2022 டிசம்பரில் அங்கே சாணிக் கரைசல் சேமிப்புக்கென்றே ஒரு மானியம் திறந்தார்கள். ஒரு பண்ணைக்கு 25,000 பவுண்டிலிருந்து 250,000 பவுண்டு வரை, செலவில் பாதி அளவுக்குத் தந்தார்கள். மாட்டுப் பண்ணை என்றால் ஆறு மாதக் கழிவையும், பன்றிப் பண்ணை என்றால் எட்டு மாதக் கழிவையும் அடக்கும் இடம் இருக்க வேண்டியிருந்தது. தொட்டிக்குத் தண்ணீர் புகாத மூடியும் போட வேண்டியிருந்தது.

ஆறு மாதம் ஏன்? அங்கே பனிக்காலத்தில் மண் ஊறியோ உறைந்தோ கிடக்கும், புல் வளராது. அப்போது சாணிக் கரைசலை வயலில் விட்டால் பயிர் எடுத்துக்கொள்ளாது, நேராக ஆற்றுக்குப் போகும். அதனால் வசந்தம் வரும்வரை வைத்திருக்கிறார்கள். நமக்கு ஏது பனிக்காலம்? நேப்பியர் புல் வருடம் முழுக்க வளருகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை விடாமல் அடிக்கும் வாரங்களைத் தாண்டினால் போதும். என் கணக்கில் ஒரு மாதம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மாதத்துக்கு இடம் இருந்தால் தாராளம்.

தொட்டி வழியில் இன்னொரு சிக்கல், அதற்குச் சாணி கரைசலாக இருந்தாக வேண்டும். குழாயால் அடித்துக் கழுவி ஓட விடுகிற பண்ணைக்கு அது சரி. நாளைக்கு 1,000 லிட்டர் கழுவும் தண்ணீர் என்றால், சாணியோடு சேர்த்து 1.4 கன மீட்டர். மாதத்துக்கு 42 கன மீட்டர். இது மழை ஒரு சொட்டும் விழாத கணக்கு. அதை உறிஞ்சி எடுக்க பம்ப் வேண்டும், கொண்டுபோக டாங்கி லோரி வேண்டும், ஊற்ற நிலம் வேண்டும். தோட்டத்துக்காரர்கள் தங்கள் செம்பனைக்கு ஊற்ற விடுவார்களா என்பது அவரவர் மேலாளரைப் பொறுத்தது. நம்மிடம் சொந்தமாக இருப்பது பெரும்பாலும் புல் போட்ட அரை ஏக்கர்.

இங்கிலாந்துக்காரரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தொட்டியின் அளவை அல்ல, அந்த மூடியைத்தான். சேமிப்புக்குள் மழை விழக் கூடாது என்பதில் அவர்கள் கறாராக இருக்கிறார்கள், நம்மில் பாதி மழைகூட இல்லாத ஊரில் இருந்துகொண்டு.

கேஸ் குழி

“அண்ணே, கேஸ் போட்டுட்டா சாணி காலியாயிடும் தானே?” இது எல்லாருக்கும் இருக்கும் நினைப்பு. தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பும் வீடியோக்களும் அதற்கு ஒரு காரணம். அங்கே சாண எரிவாயுக்கு அரசு பல காலமாக மானியம் தருகிறது. 2018-இல் கோபர்தன் என்ற திட்டத்தையும் கொண்டுவந்தார்கள்.

சாணி காலியாகாது. ஒரு பங்கு சாணிக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து குழிக்குள் ஊற்றுகிறோம். கேஸ் எடையில் மிகக் கொஞ்சம். மறுபக்கம் ஏறக்குறைய ஊற்றிய அளவுக்கே கரைசலாக வெளியே வரும். வாடை குறைந்திருக்கும், உரமாகவும் நன்றாக இருக்கும், ஆனால் வைக்க இடம் முன்பைவிட இரண்டு மடங்கு வேண்டும். சேமிப்பு இடம் இல்லாமல் கேஸ் குழி மட்டும் போட்டவர் வீட்டில் அந்தக் கரைசல் எங்கே போகும்? பாரிட்டுக்குத்தான்.

அளவையும் பாருங்கள். ஒரு குடும்பத்துக்குப் போதுமான, நாளைக்கு 2 கன மீட்டர் கேஸ் தரும் குழிக்குத் தினமும் சுமார் 50 கிலோ சாணி போதும். நம் 400 கிலோவில் எட்டில் ஒரு பங்கு. மீதி 350 கிலோ அப்படியே கிடக்கும். லாபமும் பெரிதாக இல்லை. ஒரு கன மீட்டர் சாண எரிவாயு சுமார் 0.45 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். நாளைக்கு 2 கன மீட்டர் என்றால் மாதத்துக்கு 27 கிலோ, கிட்டத்தட்ட இரண்டு தோம்பு (சிலிண்டர்). நம் நாட்டில் வீட்டுக் கேஸ் கிலோ 1 ரிங்கிட் 90 காசுதான், 14 கிலோ தோம்பு 26 ரிங்கிட் 60 காசு. அரசாங்கமே விலையைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. ஆக முழுசாக எரித்தாலும் மிச்சம் மாதம் 50 ரிங்கிட் சொச்சம். எந்த வீட்டில் மாதம் இரண்டு தோம்பு தீர்கிறது? பால்கோவா, பன்னீர் செய்து விற்பவராக இருந்தால், தினமும் பெரிய அடுப்பு எரிகிறதென்றால், கேஸ் குழி யோசிக்கத் தக்கது. மற்றவர்களுக்கு அது ஆசை.

கூரை போட்ட உரக் களம்

எனக்குப் பிடித்த வழி இதுதான். முதலில் கழுவும் பழக்கத்தை மாற்ற வேண்டும். மண்வெட்டியால் சாணியை வாரி எடுத்துவிட்டுப் பிறகுதான் தண்ணீர். வாரிய சாணி கெட்டியாகக் கூரைக்குக் கீழே போகும். கழுவிய தண்ணீரும் கோமியமும் மட்டும் சின்னக் குழிக்குப் போகும், அதைப் புல்லுக்கு விட்டுவிடலாம்.

20 மாட்டுக்கு எவ்வளவு இடம்? நாளைக்கு 400 கிலோ சாணியோடு வைக்கோல் அல்லது மரத்தூள் கலந்தால் சுமார் 0.6 கன மீட்டர் வரும். 30 நாளைக்கு 18 கன மீட்டர். 1.2 மீட்டர் உயரத்துக்குக் குவித்தால் 15 சதுர மீட்டர் தரை. நாலுக்கு நாலு மீட்டரில் மூன்று அறைகள் போதும்: இந்த மாதத்துக்கு ஒன்று, போன மாதத்துக்கு ஒன்று, ஆறி மக்குவதற்கு ஒன்று. மொத்தம் 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். மூன்று பக்கமும் இடுப்பளவு சுவர், சிமெண்டுத் தரை, தரையின் சரிவு குழியைப் பார்த்து. மேலே தகரக் கூரை.

கூரை போட்டால் மட்டும் போதாது, கூரைத் தண்ணீரை ஓரத்தில் பிடித்து விடும் வாரக்கால் வேண்டும். பல கொட்டகைகளில் பார்க்கிறேன்: புதுத் தகரம் பளபளவென்று இருக்கும், ஓரத்தில் வாரக்கால் இருக்காது. கூரைத் தண்ணீர் முழுவதும் சுவரடியில் கொட்டி, மண்ணைத் தோண்டி, சாணிக்குள்ளேயே திரும்பி ஓடிவரும். அதற்குக் கூரை போடாமலே இருந்திருக்கலாம். வாரக்காலில் விழும் சுத்தமான தண்ணீரைத் தனிப் பைப்பில் தொட்டிக்கு விட்டால் மாடு கழுவ அதுவே ஆகும்.

மக்க வைப்பதில் ஈரம்தான் எல்லாம். புதுச் சாணியில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். உரம் சூடேறி மக்க வேண்டுமென்றால் ஐம்பதிலிருந்து அறுபதுக்குள் கொண்டுவர வேண்டும். ஒரு பிடி எடுத்துக் கையில் இறுக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகினால் ஈரம் அதிகம். கையை விரித்ததும் உதிர்ந்துபோனால் வறட்சி. உருண்டையாக நின்று, உள்ளங்கை மட்டும் லேசாக நனைந்திருந்தால் சரி. சேர்க்கும் பொருளுக்கு நமக்குக் குறைவில்லை. தஞ்சோங் காராங் வயலில் அறுவடை முடிந்தால் வைக்கோல் கிடைக்கும். பலகைப் பட்டறையில் மரத்தூள் உண்டு, ஆனால் பூச்சி மருந்து ஏற்றிய பலகையின் தூளாக இருக்கக் கூடாது. எண்ணெய் ஆலையில் பழம் உதிர்த்த செம்பனைக் குலைச் சக்கையும் கிடைக்கும், அதைக் கிழித்துப் போட வேண்டும். நெல் உமி சீக்கிரம் மக்காது, கொஞ்சமாகக் கலக்கலாம்.

சரியாகக் கலந்திருந்தால் சில நாளில் குவியலின் நடுவில் 55 முதல் 65 டிகிரி வரை சூடு ஏறும். இரும்புக் கம்பி ஒன்றைச் செருகி வைத்து, சற்று நேரம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியாமல் சுட்டால் வேலை நடக்கிறது. அந்தச் சூட்டில் களைவிதையும் குடற்புழு முட்டையும் சாகும். வாரம் ஒரு தடவையாவது புரட்ட வேண்டும். சோம்பேறித்தனம் பட்டால் இரண்டு விருந்தாளிகள் வருவார்கள். ஒன்று ஈ. நம் வெயிலில் முட்டையிலிருந்து பறக்கும் ஈ ஆவதற்குப் பத்து நாள்கூட வேண்டாம், பிறகு பக்கத்துத் தாமான் வீடுகளிலிருந்து புகார் வரும். இன்னொன்று காண்டாமிருக வண்டு. புரட்டாமல் கிடக்கும் சாணிக் குவியலும் குலைச் சக்கையும் அதற்குப் பிரசவ அறை. கட்டைவிரல் தடிமனுக்கு வெள்ளைப் புழு உள்ளே மாதக்கணக்கில் கொழுக்கும், வண்டாகி வெளியே வந்து இளம் செம்பனையின் குருத்தைத் துளைக்கும். பக்கத்துத் தோட்டத்தில் மறுநடவு நடக்கும்போது மேலாளர் உங்கள் குவியலைப் பார்த்து முகம் சுளிப்பது வாடைக்காக மட்டும் அல்ல.

மக்கிய உரத்துக்கு வாங்குவோர் உண்டு. சுங்கை பூலோ சாலையோர நர்சரிகள், வீட்டுத் தோட்டக்காரர்கள், காய்கறி போடுபவர்கள். கோயில் யாகத்துக்கு வரட்டி கேட்டு வருபவர்களும் உண்டு, அது கைச்செலவுக்கு ஆகும், அவ்வளவுதான். இதில் பெரிய பணம் பார்க்கலாம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். உரம் விற்ற காசு வைக்கோலுக்கும் கூலிக்கும் ஆனாலே நல்லது. கழிவு தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது என்பதுதான் இதில் லாபம்.

இன்னொரு வழி, சேர்த்து வைக்காமல் தினமும் அள்ளி யாருக்காவது கொடுத்துவிடுவது. ஐந்தாறு மாடு உள்ளவருக்கு அது போதும். எடுக்க வருபவர் இரண்டு நாள் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரு மூலை வேண்டும், அதற்கும் கூரை வேண்டும்.

காசு எங்கிருந்து?

மானியத்துக்கு அலைவதற்கு முன்னால் நிலப் பத்திரத்தைப் பாருங்கள். கொட்டகை நிற்பது தோட்டத்து நிலமா, அரசாங்க நிலமா, சொந்த நிலமா? பலரிடம் இருப்பது எல்.பி.எஸ். என்ற தற்காலிக அனுமதி. நிலச் சட்டப்படி அது எந்த மாதம் எடுத்தாலும் அந்த வருடம் டிசம்பரோடு முடிந்துவிடும், புதுப்பிக்க வேண்டும். இன்னொருவருக்கு மாற்ற முடியாது, அப்பாவுக்குப் பின் பிள்ளைக்குத் தானாக வராது. அந்த நிலத்தில் பெரிய கான்கிரீட் தொட்டி கட்டுவது, மானியமே கிடைத்தாலும், என்னைக் கேட்டால் வேண்டாம். கழற்றிப் பூட்டும் இரும்புச் சட்டம், தகரம், கழற்றி எடுத்துப்போகும் தொட்டி, பம்ப் என்று போனால் இடம் மாறும்போது பாதிக்கு மேல் கூடவே வரும். தொட்டி வழியை விட்டுக் கூரை வழியை நான் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

அடுத்து, இங்கிலாந்து மானியத்தில் வேலை முடிந்து, பரிசோதித்த பிறகுதான் காசு கைக்கு வந்தது. முன்பணம் போடத் தெம்பு இல்லாதவருக்குப் பாதி மானியம் என்பது முழுக் கடன் மாதிரிதான். இங்கும் நீங்கள் ஒரு பாதி, அரசாங்கம் ஒரு பாதி என்ற ஏற்பாட்டில் மானியம் அறிவித்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி காசு எப்போது வரும் என்பது. எவ்வளவு என்பது இரண்டாவது.

18 வயதிலிருந்து 40 வயதுக்குள் பிள்ளை ஒருவர் தொழிலில் இருந்தால் விவசாய அமைச்சின் இளம் விவசாயத் தொழில்முனைவர் மானியம் முதலில் பார்க்கத் தக்கது. 20,000 ரிங்கிட் வரை, கையில் காசாக இல்லாமல் சாமானாகத் தருவார்கள். உரக் களத்துக்கு வேண்டிய பல சாமான்கள் அப்படிக் கேட்கத் தோதானவை. சிலாங்கூர் மாநில அரசின் ஐ-சீட் திட்டமும் குறைந்த வருமான இந்தியக் குடும்பங்களுக்குத் தொழில் சாமான் தருவதுதான். புல் வெட்டும் இயந்திரமும் பம்பும் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

கடன் என்றால், சிறுதொழிலுக்குக் கடன் தரும் அரசு நிறுவனமான தெக்குனில் இந்தியர்களுக்கென்று ஸ்பூமி திட்டம் இருக்கிறது. 2024-இல் ஸ்பூமி கோஸ் பிக் என்று 100,000 ரிங்கிட் வரை உயர்த்தினார்கள். அதே வருடம் சிறுகடன் தரும் அமானா இக்தியார் நிறுவனம் இந்தியப் பெண்களுக்கென்று ‘பெண்’ என்ற பெயரிலேயே ஒரு கடன் திட்டத்தைத் தொடங்கியது. பால் கறந்து, கணக்குப் பார்த்து, பாக்கெட் போட்டு விற்பது வீட்டு அம்மா என்றால் அவர் பேரிலேயே போவது நியாயமும்கூட. அக்ரோ பேங்க் பெரிய தொகைக்கு ஆகும், நிலப் பத்திரமும் பத்திரமான கணக்குப் புத்தகமும் உள்ளவர்களுக்கு. எதற்குப் போனாலும் எஸ்.எஸ்.எம். தொழில் பதிவு கேட்பார்கள். சொந்தப் பேரில் வருடத்துக்கு 30 ரிங்கிட், கடைப் பேர் வைத்தால் 60. கால்நடைச் சேவை இலாகாவில் பண்ணையைப் பதிந்திருந்தால் பேச்சு சுலபமாகும். நல்ல பண்ணை முறைக்குத் தரும் மைகேப் சான்றிதழுக்கும் கழிவை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள், ஆக ஒரே வேலை இரண்டுக்கும் ஆகும்.

சாணிக்காகக் கடன் வாங்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் தவணை பால் காசிலிருந்து கட்டக்கூடிய அளவில் இருக்கட்டும், உரக் காசைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கைக்காசு கொஞ்சம்தான் என்றால் வரிசை இப்படி: முதலில் முற்றத்துக்குக் கூரையும் வாரக்காலும், பிறகு ஓர் அறைக்கு மட்டும் சிமெண்டுத் தரை, மற்ற இரண்டும் அடுத்த வருடம்.

சொந்தப் பேரில் நிலம், எண்பது, நூறு மாடு, ஊற்றுவதற்குப் பத்து ஏக்கர் புல் என்று இருப்பவர் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார். அவருக்குக் கரைசல் தொட்டிதான் சரி, பெரிய மானியத்தையும் துணிந்து கேட்கலாம். குத்தகைக்காரரிடம் மூடியோடு விலை கேளுங்கள், மூடி இல்லாத விலையை வாங்கவே வாங்காதீர்கள். தொட்டியை எப்போதும் விளிம்பு வரை நிரப்பக் கூடாது என்பதையும் அளவு போடும்போதே சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்துச் சட்டம் கான்கிரீட் தொட்டிக்கு மேலே 30 சென்டிமீட்டரும், மண்கரைக் குளத்துக்கு 75 சென்டிமீட்டரும் காலியாக விடச் சொல்கிறது. நம் மழைக்கு அதற்குக் குறையாமல், முடிந்தால் கூடுதலாகவே விடச் சொல்லுங்கள்.